ஃப்ளாரன்ஸ் சாண்ட்விச் கடையில் என்ன கேட்பது, எப்படிச் சாப்பிடுவது

இத்தாலியிலுள்ள ஃப்ளாரன்ஸ் நகரத்தின் சின்னச் சாண்ட்விச் கடைகளில் சாப்பிட்டுவிட்டு "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று முகம் சுளிக்கிறவர்களிடம் என்ன கேட்டு வாங்கினீர்கள் என்று விசாரித்தால், காரணம் உடனே தெரிந்துவிடும். உள்ளே ஐந்தாறு பொருள் போட்டிருப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து வகை இறைச்சி, சீஸ், எண்ணெயில் ஊறிய காய்கறி, தட்டுத் தட்டாக க்ரீம்கள் என்று இருக்கும்போது எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அத்தனையும் சேர்ந்தால் எதன் ருசியும் தனியாகத் தெரியாது. ரொட்டி நனைந்து, பாதி கையில் வழியும். இந்த ஊர்ச் சாண்ட்விச்சுக்கு மூன்று பொருள் போதும்: ஓர் இறைச்சி, ஒரு சீஸ் அல்லது க்ரீம், வேண்டுமானால் ஒரு காய். சில இறைச்சிகளுக்கு அந்த மூன்றே அதிகம்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் ரொட்டியைப் பாருங்கள். இங்கே சாண்ட்விச்சுக்கு எடுப்பது ஸ்கியாச்சாட்டா. தட்டையான ரொட்டி, ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரம். மாவைத் தட்டில் பரப்பி விரல் நுனிகளால் குழி குழியாக அழுத்தி, ஆலிவ் எண்ணெய் தடவி, மேலே கல்லுப்பு தூவிச் சுடுவார்கள். குழிகளில் எண்ணெய் தேங்கி நிற்கும் இடங்கள் மென்மையாகவும், மேடான இடங்கள் மொறுமொறுப்பாகவும் இருக்க வேண்டும். நல்ல ஸ்கியாச்சாட்டாவைக் குறுக்கே பிளந்தால் உள்ளே துளைகள் பெரிதும் சிறிதுமாகச் சீரில்லாமல் இருக்கும். விரலால் அழுத்திவிட்டால் மெல்ல எழும்பி வரும். அழுத்திய இடம் அப்படியே பள்ளமாக நின்றால் மாவு சரியாக வேகவில்லை. வளைத்தால் தோல் மாதிரி மடங்கி உடையாமல் நின்றால் அது பல மணி நேரத்துக்கு முன்பு சுட்டது. புதிதாக இருக்கும்போது இருக்கிற அந்த மேல்தோல் மொறுமொறுப்பு மதியத்துக்குள் போய்விடும். கூட்டம் உள்ள கடைகளுக்கு இருக்கிற உண்மையான சாதகம் இதுதான். ரொட்டி தீரத் தீர அடுத்த தட்டு வந்துகொண்டே இருக்கும். கூட்டமில்லாத கடை மோசம் என்று சொல்லவில்லை. அங்கே பதினொரு மணிக்குப் போனால் நல்ல ரொட்டி கிடைக்கும், நான்கு மணிக்குப் போனால் கிடைக்காது.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஸ்லைசர், அதாவது இறைச்சி சீவும் இயந்திரம். நீங்கள் கேட்ட பிறகு இறைச்சியை முழுத் துண்டிலிருந்து சீவுகிறார்களா, அல்லது காலையில் சீவி அடுக்கி வைத்ததை எடுத்துப் போடுகிறார்களா? சீவி வைத்த இறைச்சியின் ஓரம் காய்ந்து நிறம் மங்கும், கொழுப்பு வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாசனை போய்விடும். கண்ணாடிக்குப் பின்னால் சீவி வைத்த குவியல்களைப் பார்த்தால், எவ்வளவு அழகாக அடுக்கியிருந்தாலும் அடுத்த கடைக்குப் போவது நல்லது. ஏற்கெனவே கட்டி வைத்த சாண்ட்விச்சுகள் அடுக்கியிருந்தால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தடிமனும் முக்கியம், அது இறைச்சிக்கு இறைச்சி மாறும். ப்ரோஷூட்டோ, அதாவது உப்பிட்டு மாதக்கணக்கில் உலர்த்திய பன்றித் தொடை, பின்னால் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக இருக்க வேண்டும். தடிமனாகச் சீவினால் கடிக்கும்போது ரொட்டியை விட்டு முழுத் துண்டாக இழுத்துக்கொண்டு வந்துவிடும். மோர்டடெல்லாவும், அதாவது வேகவைத்த பெரிய பன்றி சாசேஜும், மெல்லிசுதான், ஆனால் படுக்க வைக்காமல் மடித்து மடித்து, இடையில் காற்று நிற்கும்படி குவிக்க வேண்டும். ஸ்பிரிச்சோலோனா இதற்கு நேர் எதிர். அது குறைந்த நாளே உலர்த்திப் பழுத்த, மென்மையான பெருஞ்சீரக சலாமி; சலாமி என்பது அரைத்த பன்றி இறைச்சியை உருளையாக அடைத்து உலர்த்தியது. மெல்லிசாகச் சீவப் போனால் தூளாக உதிரும். நாலைந்து மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால்தான் அதன் ஈரமும் பெருஞ்சீரக மணமும் வாயில் தெரியும். அதன் நன்றாகப் பழுத்த உறவான ஃபினோக்கியோனா இரண்டுக்கும் நடுவில். ஃப்ளாரன்ஸ் இருக்கும் டஸ்கனி மாநிலத்துக்கே உரிய சரக்கு இது; 2015-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. இந்த ஊரில் ஒரே ஒரு சாண்ட்விச்தான் சாப்பிட நேரம் இருக்கிறது என்றால் ஃபினோக்கியோனாவும் இளசான பெக்கோரினோ செம்மறியாட்டுப்பால் சீஸும் மட்டும் வைத்துக் கேளுங்கள். க்ரீம் வேண்டாம், தக்காளி வேண்டாம்.

ப்ரோஷூட்டோ விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. டஸ்கனி ப்ரோஷூட்டோ பார்மா ஊர்ச் சரக்கைவிட உப்புக் கூடியது. பூண்டு, மிளகு, மூலிகைகளும் உப்போடு சேர்த்துத் தேய்த்திருப்பார்கள். இந்த மாநிலத்து வழக்கமான ரொட்டியிலோ உப்பே கிடையாது. தனியாகப் பிய்த்துத் தின்றால் சப்பென்று இருக்கும், வெளியூர்க்காரர்கள் பாதியில் வைத்துவிடுவார்கள். இரண்டையும் சேர்த்து வாயில் போட்டால்தான் கணக்கு புரியும். கல்லுப்பு தூவிய ஸ்கியாச்சாட்டாவுக்குள் டஸ்கனி ப்ரோஷூட்டோ வைத்தால் உப்பின் மேல் உப்பு. ஆகவே, கடையில் உப்பில்லா ரொட்டியும் இருந்தால் ப்ரோஷூட்டோவுக்கு "பானே டொஸ்கானோ" என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் "ப்ரோஷூட்டோ டோல்சே" என்று கேட்டால் உப்புக் குறைந்த வகையைப் போடுவார்கள். மோர்டடெல்லாவுக்கும் ஸ்பிரிச்சோலோனாவுக்கும் ஸ்கியாச்சாட்டாதான்.

லார்டோ என்பது பன்றியின் முதுகுக் கொழுப்பு. பெயரைக் கேட்டாலே ஒதுங்குகிறவர்கள் உண்டு, அது பெரிய இழப்பு. கர்ராரா சலவைக்கல் குவாரிகளுக்குப் பக்கத்தில் கொலொன்னாட்டா என்றொரு மலைக் கிராமம். அங்கே சலவைக்கல் தொட்டிக்குள் கொழுப்பையும் உப்பு, மிளகு, ரோஸ்மேரி, பூண்டையும் அடுக்கி, குறைந்தது ஆறு மாதம் மூடி வைப்பார்கள். காகிதம் போலச் சீவிச் சூடான ரொட்டியில் வைத்ததும் அது கண்ணாடியாக மாறி ரொட்டிக்குள் இறங்கும். ஆறின ரொட்டியில் வைத்தால் மெழுகைக் கடிப்பது போலிருக்கும். லார்டோவுக்கு ரொட்டியைச் சூடு செய்யச் சொல்லுங்கள், கூட எதையும் சேர்க்காதீர்கள்.

சூடு செய்வது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர் கட்டாயம் "ஸ்கால்டாட்டா?" என்று கேட்பார். சூடாக்கட்டுமா என்று அர்த்தம். ரொட்டியை வெறுமனே சூடாக்கிவிட்டு அதன் பிறகு உள்ளே வைப்பதாக இருந்தால் சரி என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் வைத்து மூடி மொத்தமாக க்ரில்லில் அழுத்துவதாக இருந்தால் வேண்டாம். ப்ரோஷூட்டோ சூடு பட்டதும் சுருங்கி, உப்பு மேலே ஏறி, மெல்ல முடியாததாகிவிடும். ஸ்ட்ராச்சாட்டெல்லா, அதாவது புர்ராட்டா சீஸின் உள்ளிருக்கும் நார் நாரான பாலேடு, உருகித் தண்ணீராக ஓடும். ருகோலா கீரை வதங்கிக் கறுத்துப்போகும். சூட்டைத் தாங்குவது மட்டுமல்ல, சூட்டால் மேம்படுவது போர்கெட்டா ஒன்றுதான்: ரோஸ்மேரியும் பூண்டும் மிளகும் வைத்துச் சுருட்டி வறுத்த பன்றி. அதை வெட்டும்போது மொறுமொறு தோலில் ஒரு துண்டும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் சதை மட்டும் வரலாம்.

இனி க்ரீம்கள். பெக்கோரினோ க்ரீமும் கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) க்ரீமும் நல்ல துணை. ரொட்டியில் மெல்லிசாகத் தடவினால் அவற்றின் கொழுப்பு ஒரு பூச்சு மாதிரி நின்று, காயின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும். கரண்டி கரண்டியாகப் போட்டால் கடிக்கும்போது பின்பக்கமாகப் பிதுங்கும், அளவு முக்கியம். ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் மணமான காளான் வகை; அதன் க்ரீமை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலான புட்டிகளில் இருப்பது சாதாரணக் காளான், கொஞ்சம் ட்ரஃபிள், மீதி செயற்கை மணம். அந்த மணம் வாயை முழுக்க ஆக்கிரமித்துவிடும். பிறகு ஃபினோக்கியோனா இருந்தாலென்ன, மோர்டடெல்லா இருந்தாலென்ன. பிஸ்தா க்ரீம் கேட்டால் இனிப்பா உப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மோர்டடெல்லாவோடு உடைத்த பிஸ்தாவும் ஸ்ட்ராச்சாட்டெல்லாவும் சேர்வது அருமையான கூட்டணி, ஆனால் அது டஸ்கனிக்காரர்களின் பழைய வழக்கம் இல்லை. மோர்டடெல்லாவே போலோன்யா நகரத்துச் சொத்து.

கூட்டம் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது உஃபீட்ஸி அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருக்கும் வியா தே நேரி தெருவின் ஆல் ஆன்டிகோ வினாயோ. 1991-லிருந்து மஸ்ஸான்டி குடும்பம் நடத்துகிறது. இன்று அதே தெருவில் பல வாசல்கள், வெளிநாடுகளிலும் கிளைகள். அங்கே புகழ்பெற்றது 'லா ஃபவொலோசா': ஸ்பிரிச்சோலோனா, பெக்கோரினோ க்ரீம், கூனைப்பூ க்ரீம், காரமான கத்திரிக்காய். நான் மேலே சொன்ன மூன்று பொருள் கணக்கை இது மீறுகிறது என்றாலும் சரியாக அமைகிறது, ஏனென்றால் இரண்டு க்ரீமும் பின்னணியில் நிற்கின்றன, காரம் கொழுப்பை வெட்டுகிறது. பட்டியலில் உள்ள சேர்க்கையை அப்படியே வாங்குவதுதான் அங்கே நல்லது. வரிசையும் வேகமாக நகரும். பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை வரிசை தெருவை அடைக்கும். பதினொரு மணி வாக்கில் போனால் நிற்க வேண்டியிருக்காது என்று சொல்ல முடியாது, ஆனால் சீக்கிரம் கையில் கிடைக்கும். விலை இந்த மாதிரிக் கடைகளில் சுமார் ஏழிலிருந்து பத்து யூரோ. ஒரு சாண்ட்விச் சாதாரணப் பசிக்கு இரண்டு பேருக்குப் போதும். "அ மெட்டா" என்று கையால் வெட்டுவது போல் காட்டினால் பாதியாக வெட்டித் தருவார்கள்.

இதற்கு மறுமுனையில் இருப்பது வியா தேய் சிமடோரி தெருவிலுள்ள இ ஃப்ராடெல்லீனி. 1875-ல் தொடங்கியது. சுவரில் ஒரு பொந்து என்றுதான் சொல்ல வேண்டும்; உள்ளே நுழைய இடமே கிடையாது. தெருவில் நின்றபடி சின்ன பன்னில் சாண்ட்விச்சும் ஒரு கிளாஸ் வைனும் வாங்குவீர்கள். வெளிச்சுவரில் மரப் பலகைத் தட்டுகள் இருக்கும். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு எண். கிளாஸை அந்த எண்ணில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் சாப்பிடலாம், குடித்து முடித்த பின் அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். இங்கே பன் சிறியது, உள்ளே இருப்பது ஒன்றிரண்டு பொருள்தான். இந்த அளவுதான் எனக்குச் சரியென்று படுகிறது.

முகவரி தேடும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஃப்ளாரன்ஸில் கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்கு நீலம் அல்லது கறுப்பு எண். இரண்டும் தனித்தனி வரிசை. எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் அது சிவப்பு எண். வீட்டு எண்ணை வைத்துத் தேடினால் நூறு மீட்டர் தள்ளி யார் வீட்டு வாசலிலோ போய் நிற்பீர்கள்.

ஆனால் ஃப்ளாரன்ஸின் உண்மையான தெருச் சாப்பாடு ஸ்கியாச்சாட்டா கடையில் இல்லை. ட்ரிப்பாயோ என்று சொல்லும் வண்டிக்கடையில் இருக்கிறது. அங்கே விற்பது லாம்ப்ரெடோட்டோ. மாட்டு வயிற்றின் நான்காவது அறையைத் தக்காளி, வெங்காயம், செலரி, பார்ஸ்லி போட்ட தண்ணீரில் மணிக்கணக்கில் வேகவைத்தது. இதில் இரண்டு பாகம் உண்டு: 'காலா' என்பது கருஞ்சிவப்பு, மடிப்பு மடிப்பாக இருக்கும், ருசி அதில்தான், 'ஸ்பன்னோக்கியா' வெளிறியது, கொழுப்பு கூடியது. இரண்டும் கலந்து வருவதுதான் முறை. தட்டு முழுக்க வெளிறிய பாகமாகத் தெரிந்தால் "பியூ காலா" என்று கேட்கலாம், தவறாக நினைக்க மாட்டார்கள்.

செய்கிற விதத்தை நின்று பாருங்கள். கொதிக்கும் பாத்திரத்திலிருந்து நீளமான முள்கரண்டியால் ஒரு துண்டை எடுத்து, சாறு சொட்டச் சொட்டப் பலகையில் வைப்பார். பெரிய கத்தியால் விரல் அகலத் துண்டுகளாக நறுக்குவார். செமெல்லே என்ற வட்ட பன்னை இரண்டாகப் பிளந்து, உள்ளிருக்கும் மென்மையான ரொட்டிப் பாகத்தைக் கொஞ்சம் பிய்த்து எடுத்துவிட்டு இறைச்சியைக் குவிப்பார். உப்பு, மிளகு. பிறகு கேள்வி: வெர்டேயா, பிக்கான்டேயா? முதலாவது பார்ஸ்லி, கேப்பர் என்ற ஊறவைத்த பூமொட்டு, நெத்திலி சேர்ந்த பச்சைச் சட்னி. இரண்டாவது மிளகாய் எண்ணெய். இரண்டும் என்று சொல்லுங்கள். கடைசியாக "பன்யாட்டோ?" என்பார். சரி என்றால் பன்னின் மேல்பாதியை முள்கரண்டியில் குத்தி, வெந்த சாற்றில் ஒரு முங்கு முங்கி எடுத்து மூடுவார். இதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கீழ்ப்பாதி காய்ந்தே இருக்கும், அதனால் கையில் பிடிக்கலாம். மேல்பாதி சாறோடு இறைச்சியின் மேல் படியும். நல்ல பன் தோல் தடிமனாக இருப்பதால் ஒரு முங்கைத் தாங்கும். மென்மையான மலிவு பன் என்றால் உடனே கூழாகும், அந்தக் கடையில் மட்டும் பன்யாட்டோ வேண்டாம்.

வாங்கிய ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட ஆரம்பித்துவிட வேண்டும். லாம்ப்ரெடோட்டோவில் ஜெலட்டின் அதிகம்; சூட்டில் வழுவழுவென்று இருப்பது ஆறினதும் இறுகிப் பசையாகும், உதடு ஒட்டும். புகைப்படம் எடுத்துவிட்டு, இடம் தேடி அலைந்துவிட்டுச் சாப்பிட்டால் அது வேறு பண்டம். ரப்பர் போல இழுத்தால் வேக்காடு போதவில்லை. தொழுவ வாடை அடித்தால் சுத்தம் செய்ததில் குறை. நல்ல கடையில் பாத்திரத்தின் மேலெழும் ஆவியில் வெங்காயமும் செலரியும்தான் முன்னால் வரும். வாங்குவதற்கு முன் பக்கத்தில் நின்று மூக்கால் சோதித்துக்கொள்ளலாம்.

சான் லொரென்ஸோ பகுதியின் மெர்காட்டோ சென்ட்ராலே சந்தையில், கீழ்த்தளத்தில், லாம்ப்ரெடோட்டோவுக்கு நெர்போனே என்ற பழைய கடை இருக்கிறது. மாடிக்கு ஏறிவிடாதீர்கள், அங்கே இருப்பது புதிதாக வந்த உணவரங்கு. சான்ட் அம்ப்ரோஜோ சந்தைப் பக்கமும், போர்ட்டா ரொமானா வாசலருகிலும் வண்டிக்கடைகள் உண்டு. விலை ஸ்கியாச்சாட்டாவைவிடக் குறைவு, சுமார் ஐந்தாறு யூரோ. காலை பத்து மணிக்கே உள்ளூர்க்காரர்கள் நின்று சாப்பிடுவார்கள். அந்த நேரம்தான் பாத்திரம் நிறைந்திருக்கும்.

இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு: ஸ்கியாச்சாட்டா கடையில் ஸ்ட்ராச்சாட்டெல்லா, வாட்டிய சுக்கினி அல்லது கத்திரிக்காய், வெயிலில் காய்ந்த தக்காளி என்று கேட்டால் நல்ல சாண்ட்விச் அமையும். "சென்ட்ஸா கார்னே" என்றால் இறைச்சி வேண்டாம். ஆனால் ஒரே ஸ்லைசரில்தான் சீஸையும் பன்றி இறைச்சியையும் சீவுவார்கள். அது ஒத்துவராது என்றால் சீவாத ஸ்ட்ராச்சாட்டெல்லாதான் வழி, கத்தியையும் மாற்றச் சொல்ல வேண்டும். பெக்கோரினோ டொஸ்கானோ கன்றுக்குட்டியின் ரென்னெட்டால், அதாவது வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருளால், உறைய வைத்தது. பச்சைச் சட்னியில் நெத்திலி இருக்கிறது. பன்றி தவிர்ப்பவர்களுக்கு லாம்ப்ரெடோட்டோ மாடு, ப்ரெசாவோலா என்ற உப்பிட்டு உலர்த்திய இறைச்சியும் மாடு. ஆனால் ஹலால் என்று கடையில் எழுதியிருந்தாலொழிய அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வாமை உள்ளவர்கள் "அல்லெர்ஜெனி" பட்டியலைக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 வகைப் பொருள்கள் பற்றிய விவரத்தைக் கடைக்காரர் தந்தாக வேண்டும். மீன், பால், முட்டை, கொட்டைகள் எல்லாம் அதில் இருக்கும்.

இனி எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது. இது ஃப்ளாரன்ஸில் விளையாட்டு விஷயமில்லை. தேவாலயப் படிகளில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை எழுப்ப, 2017-ல் மேயர் டாரியோ நார்டெல்லா மதிய நேரத்தில் படிகளைத் தண்ணீர் அடித்துக் கழுவ உத்தரவிட்டார். 2018 செப்டம்பரில் மாநகராட்சி இன்னும் ஒரு படி போனது: வியா தே நேரியிலும் அதை ஒட்டிய உஃபீட்ஸி முற்றம், பியாட்ஸா தெல் க்ரானோ சதுக்கம், வியா தெல்லா நின்னா ஆகிய இடங்களிலும், நடைபாதையிலோ கடை, வீட்டு வாசல்படியிலோ பகல் 12 முதல் 3 வரை, மாலை 6 முதல் 10 வரை நின்று, உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று 2019 ஜனவரி 6 வரைக்கும் தடை போட்டது. மீறினால் அபராதம் 150 முதல் 500 யூரோ என்று வைத்திருந்தார்கள். அந்தத் தெருக்களில் குடியிருக்கிறவர்களின் நியாயமான கோரிக்கை இது என்றே நினைக்கிறேன். எண்ணெய்க் காகிதமும் சிந்திய க்ரீமும் அவர்கள் வாசலில்தான் கிடக்கின்றன. பியாட்ஸா தெல்லா சின்யோரியாவின் சிற்ப மண்டபப் படியிலும் சாப்பிட விட மாட்டார்கள், காவலர் வந்து எழுப்புவார். வியா தே நேரியிலிருந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால் பியாட்ஸா சான்டா க்ரோசே. அங்கே சதுக்கத்தைச் சுற்றிக் கல் பெஞ்சுகள் இருக்கின்றன, அதில் உட்காரலாம். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம்: பியாட்ஸா தெல்லா சின்யோரியாவில் மாநகராட்சிக் குழாய் இருக்கிறது, சாதாத் தண்ணீரும் சோடாத் தண்ணீரும் இலவசம்.

சாப்பிடும்போது காகிதத்தை முழுக்கப் பிரித்துவிடாதீர்கள். கடிக்கக் கடிக்கக் கீழே கிழித்துக்கொண்டே போங்கள். எண்ணெயும் சாறும் காகிதத்தின் அடியில் தங்கும், சட்டையில் படாது. வண்டிக்கடைகளிலும் சின்னக் கடைகளிலும் பல ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி ஒன்றிரண்டு வாரம் பூட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு, கதவில் கையால் எழுதிய தேதி ஒட்டியிருப்பார்கள்.